விறாந்தையில் ஒரு ஓலைப்பெட்டி

மருந்துக்குப் போகிறவர்கள் போத்தலும் கொண்டு போகவேண்டும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பன்னீர்ப் போத்தல், தேன் வந்த போத்தல், சில வேளை சாராயப் போத்தல். கழுவித்தான் கொண்டு வருவார்கள், ஆனால் பழைய வாசம் அடியில் ஒளித்திருக்கும். அப்பப்பா வாங்கி மூக்கடியில் ஒருதரம் பிடிப்பார். பிறகு திரும்பிப் பாராமலே என் பக்கம் நீட்டுவார். "பிள்ளை, இன்னொருக்காக் கழுவிக் கொண்டா."

சாம்பல், சுடுதண்ணீர், நாலைந்து குறுணிக்கல். போத்தலுக்குள் போட்டுக் குலுக்கினால் கலகலவென்று ஒரு சத்தம் வரும். கிணற்றடி வாழைக்குக் கீழே இருந்துகொண்டு குலுக்குவேன். கழுவிய போத்தல்களை மணலில் கழுத்துக் குத்தி வெயிலில் கவிழ்த்து வைப்பேன். அடுத்த வேலை தாள் வெட்டுவது. வெள்ளைத் தாளில் நீளப் பட்டை வெட்டி, அதன் ஓரத்தில் சம தூரத்தில் வெட்டுகள் போட்டு, கோதுமை மாப் பசையால் போத்தலில் ஒட்டவேண்டும். ஒரு வெட்டுக்கு ஒரு நேர மருந்து. எழுத வாசிக்கத் தெரியாத கிழவியும் அந்த வெட்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்துக் குடிப்பாள். வெட்டு ஒன்று கோணிப் போனால் அப்பப்பா முழுப் பட்டையையும் கிழித்து எறிவார். கோபப்பட மாட்டார், புதுத் தாள் எடுத்துத் தருவார்.

வேலணைத் தீவில் நாரந்தனைப் பக்கம் எங்கள் வீடு. படலையைத் திறந்தால் வேப்பமரம், அதற்கு அங்கால் விறாந்தை. விறாந்தையில் ஒரு நீள வாங்கு, ஒரு மேசை, கண்ணாடி அலுமாரி, மூலையில் மூடி போட்ட பெரிய பனையோலைப் பெட்டி. ஆஸ்பத்திரி என்று சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அயடீனும் ஸ்பிரிற்றும் கராம்பும் ஒடியல் காயும் வாசமும் சேர்ந்து அந்த விறாந்தைக்கு ஒரு மணம் இருந்தது. இப்போதும் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தாலும் மூக்கு அந்த ஒடியலைத் தேடும்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாதி உவர். உவர்த் தண்ணீரில் மருந்து கலக்கக்கூடாது என்பதில் அப்பப்பா பிடிவாதம். மாரி தொடங்கி முதல் இரண்டு மழையும் வானத்துத் தூசியைக் கழுவிப் போகவேண்டும். மூன்றாவது மழையில் இருந்து முற்றத்தில் நாலு கம்பு நட்டு, வெள்ளை வேட்டி கட்டி, நடுவில் ஒரு கல்லுப் போட்டு, கீழே பானை வைப்போம். வேட்டியின் நடுவில் இருந்து நூல் மாதிரி இறங்கும் தண்ணீர். அதைக் காய்ச்சி, ஆறவைத்து, வடித்து, சாடியில் மூடி வைப்பார். சோளகக்காற்றுக் காலத்தில் எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் தீர்ந்தாலும் மருந்துச் சாடியில் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

அவர் வைத்தியம் படித்த இடம் மானிப்பாய். மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்கொட் துரையும் அவருடைய மனைவியும் இருந்த காலம். இருவருமே டாக்குத்தர்கள். ஸ்கொட் அம்மா பெண்களைப் பார்ப்பா, துரை வெட்டுக்கொத்து வேலை பார்ப்பார். பொடியனாகப் போய்ப் போத்தல் கழுவத் தொடங்கி, மருந்து கலக்கப் பழகி, புண் கட்டப் பழகி, கொம்பவுண்டராகத் திரும்பி வந்தார். ஊரில் அவரைக் கொம்பவுண்டர் என்று கூப்பிட்டவர்கள் குறைவு. பரியாரியார்தான். அவருடைய தகப்பனும் நாட்டு வைத்தியர் என்றபடியால் அந்தப் பெயர் வீட்டோடு ஒட்டிவிட்டது.

வீட்டில் ஒரு புத்தகம் இருந்தது. கிறீன் வைத்தியர் தமிழாக்கிய 'இரண வைத்தியம்'. மஞ்சள் துணியில் சுற்றி, ஏடுகளோடு அலுமாரியின் மேல் தட்டில் இருக்கும். சரஸ்வதி பூசைக்கு அப்பாச்சி அதையும் இறக்கிப் பொட்டு வைப்பா. வேதக்காரருடைய புத்தகத்துக்குப் பொட்டு வைக்கலாமோ என்று யாரோ கேட்டதற்கு, "கால் அழுகாமக் காப்பாத்தின புத்தகம்" என்றா. அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. தாளைப் புரட்டினால் புகையிலை மணமும் பூச்சி உருண்டை மணமும் வரும். உள்ளே படங்கள். தோளெலும்பு, முழங்கை, கட்டுப் போடுகிற விதம். எனக்கு எழுத்துக் கூட்டப் பழக்கியதில் அதற்கும் பங்குண்டு.

கிறீன் பற்றி அப்பப்பா சொன்னதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன், பிறகு படித்தும் பார்த்தேன். சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவில் மாசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் ஊர்க்காரர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடம் மானிப்பாய். வரும்போது வயது இருபத்தைந்தளவில். அவருக்கு முன்னரே ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். 1837இல் அமெரிக்காவில் பணநெருக்கடி வந்தபோது இங்கே மிஷன் பள்ளிக்கூடங்கள் பல பூட்டுப்பட்டன. கடல் கடந்து வருகிற காசு ஒருநாள் நின்றுவிடும் என்று கிறீனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை.

அவர் செய்தது இதுதான். நோயாளியைப் பார்த்துக்கொண்டே பொடியன்மாரைப் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள், அதில் பிழை சொல்ல முடியாது, சம்பளமும் பென்சனும் யாரைத்தான் இழுக்காது. ஆனால் கிராமத்தில் வைத்தியர் இல்லை. ஆகவே 1860களில் தமிழிலேயே முழுப் படிப்பையும் நடத்தினார். அங்காதிபாதம், இரண வைத்தியம், பிள்ளைப்பேற்று வைத்தியம், கெமிஸ்தம் என்று பாடப்புத்தகங்கள் தமிழில் வந்தன. 1873இல் ஊர் திரும்பிய பிறகும் தமிழ்ப் புத்தக வேலையை விடவில்லை. 1884இல் இறக்கும்போது, தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவன் என்று தன் கல்லறையில் எழுதவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அவரிடம் படித்துத் தேறியவர்கள் அறுபதுக்கு மேல். அவர்கள் மிஷன் சம்பளத்தில் இருக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தங்கள் தங்கள் ஊரில் போய் இருந்து, சனம் கொடுப்பதை வாங்கிச் சீவிக்கவேண்டும் என்றுதான் நினைத்தார். வேட்டி கட்டிக்கொண்டு, ஊரார் பேச்சுப் பேசிக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரனாக இருக்கவேண்டும்.

எங்கள் விறாந்தை அந்த நினைப்பின் பேரப்பிள்ளை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓலைப்பெட்டிக்கு வருகிறேன். மருந்துக்கு விலை இல்லை. அப்பப்பா வாய்திறந்து ஒரு சதம் கேட்டதை நான் கண்டதில்லை. போகிறபோது பெட்டியைத் திறந்து எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள், யார் எதை வைத்தார்கள் என்று பார்க்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மாலையில் நானும் அப்பாச்சியும் திறப்போம். சில்லறை, முட்டை, வெங்காயப் பிடி, புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், ஓலையில் சுற்றிய கருவாடு. ஒருமுறை ஒரு சோடிச் சங்கு. மீன்காரர் காலையிலேயே குசினி வாசலில் நிற்பார்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் முற்றம் கூட்டுவார்கள், விறகு கொத்துவார்கள், வேலி அடைப்புக் காலத்தில் கிடுகு பின்னித் தருவார்கள். ஒரு கிழவி ஒவ்வொரு வெள்ளியும் வந்து விறாந்தைக்குச் சாணி மெழுகிவிட்டுப் போவா. அவவுடைய பேரனுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பேரன் மீசை முளைத்துக் கொழும்புக்கே போய்விட்டான். அவ மெழுகிக்கொண்டுதான் இருந்தா.

வருடத்தில் இரண்டு தரம் பெரிய வரவு. ஒன்று புகையிலைக் காலம். ஆட்டெரு போட்டு வளர்த்த தீவுப் புகையிலைக்கு நல்ல விலை இருந்தது. தோட்டக்காரர் சிப்பம் கட்டும்போது பரியாரியார் வீட்டுக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவார்கள். மற்றது கோயில் திருவிழா. கொழும்பு, காலி, குருநாகல் என்று தென்பகுதிப் பட்டினங்களில் கடை வைத்திருந்த தீவார் எல்லோரும் அப்போதுதான் ஊருக்கு வருவார்கள். வெள்ளை வேட்டி, தங்கச் சங்கிலி, பிள்ளைகளுக்கு மஸ்கற். தேர் முடிந்த மறுநாள் நாலைந்து முதலாளிமார் எங்கள் விறாந்தையில் இருப்பார்கள். அப்பப்பா மருந்துப் பட்டியலைத் தூக்கி மேசையில் வைப்பார். "இந்த வருசம் என்ன ஐயா தேவை?" என்று ஒருவர் கேட்பார். ஒருவர் குயினைனை ஏற்பார், ஒருவர் பஞ்சும் பண்டேச்சும், இன்னொருவர் கண்மருந்து. காசாகத் தரமாட்டார்கள், அப்பப்பாவும் வாங்கமாட்டார். கொழும்பில் வாங்கி ரயிலில் போட்டு அனுப்புவார்கள். மரப்பெட்டியின் ஆணியைக் கழற்றும்போது வைக்கோலுக்குள் இருந்து வருகிற அந்த வாசம்! பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறேன், பெட்டி உடைக்கும்போது இருக்கவேண்டும் என்பதற்காக.

அப்பப்பாவுக்குத் தெரிந்தது எதுவரை என்பது அவருக்குத் தெரியும். அதைத் தாண்டினால் உடனே, "பாதைக்குக் கொண்டு போங்கோ" என்பார்.

ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுகிற மிதவையைத்தான் பாதை என்போம், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வண்டில், சைக்கிள், ஆடு, பெண் அழைத்துப் போகிறவர்கள், வயிறு வீங்கிய பிள்ளைத்தாச்சி, எல்லோரும் ஒரே பலகையில். ஒரு பக்கத்தில் கடலுக்கு நடுவே கடற்கோட்டை குந்தியிருக்கும். சோளகம் வீசுகிற நாளில் உப்புத் தூவானம் முகத்தில் அடிக்கும். நோயாளி வண்டிலில் கிடந்தால் மற்றவர்கள் கேளாமலே விலகி நிழல் பிடிப்பார்கள். அக்கரையில் இறங்கினால் காரைநகர், பிறகு பொன்னாலைப் பாலம். அந்தப் பாலத்தில் மாடு காற்றுக்கு முகம் கொடுத்துக்கொண்டு நடப்பதை இப்போதும் பார்க்கிறேன். வண்டிலுக்குள் அம்மா மடியில் தம்பி. காது ஊனம் வடிந்து காய்ச்சலில் முனகுகிறான். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நடக்கிறார்.

பாலம் தாண்டினால் மூளாய். அங்கே கூட்டுறவு ஆஸ்பத்திரி. 1930களில் ஊரார் பங்குப் பணம் போட்டுத் தொடங்கியது, இலங்கையில் கூட்டுறவு முறையில் எழுந்த முதல் வைத்தியசாலை. துரைமாரும் இல்லை, அரசாங்கமும் இல்லை, வாத்திமாரும் விவசாயிகளும் மலாயாப் பென்சன்காரரும் சேர்ந்து கட்டியது. பங்குக்காரர் என்று சொல்வதில் அந்தச் சனத்துக்கு ஒரு நிமிர்வு இருந்தது. எங்கள் ஆட்கள் சிலரும் பங்கு எடுத்திருந்தார்கள். துண்டை அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு மாமியை எனக்குத் தெரியும். காயம், காய்ச்சல் என்றால் அநேகமாக மூளாயோடு திரும்பிவிடலாம். பெரிய சத்திரசிகிச்சை என்றால் சுழிபுரம், சங்கானை, சண்டிலிப்பாய் என்று வண்டில் இன்னும் போகவேண்டும்.

மானிப்பாயில் முதல் மருதடிப் பிள்ளையார். தேங்காய் அடித்துவிட்டுத்தான் கிறீன் ஆஸ்பத்திரி. அங்கே மணி அடிக்கும், செபம் சொல்வார்கள், எங்கள் அம்மா திருநீற்றோடு கைகூப்பி நிற்பா. யாரும் அவவை அழிக்கச் சொன்னதில்லை. உயர்ந்த கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை, காலடியில் அந்தக் குளிர். கஞ்சி அவித்துக் கொடுக்க வெளியில் அடுப்படி. நோயாளியோடு வந்தவர்கள் அங்கே சுள்ளி வைத்து ஊதுவார்கள். ஒருத்தியுடைய ரசம் இன்னொருத்தியுடைய நோயாளிக்குப் போகும்.

பிள்ளைப்பேறு என்றால் இணுவில். மேரி, மார்கிறெற் லீச் என்ற அமெரிக்கச் சகோதரிகள் நாடு நாடாகப் பணம் சேர்க்க, 1898இல் பெண்களுக்கென்று திறந்த மக்லியொட் ஆஸ்பத்திரி. ஸ்கொட்லாந்தில் இருந்து வந்த டாக்குத்தர் இசபெல்லா கேர் அங்கே பல பத்தாண்டுகள் இருந்தா. என் அம்மாவின் தலைமுறையில் இணுவிலில் பிறந்தவர்களை எண்ணப் போனால் பாதி யாழ்ப்பாணம் வரும். வெளிநாட்டுக் காசு கட்டடத்தை எழுப்பியது, சரி. அது அன்றாடம் நடந்ததில் மிஷன் சனத்தின் பிடியரிசிக்கும் பங்குண்டு என்று அப்பப்பா சொல்வார். சோற்றுக்கு அரிசி அளக்கிற பெண், உலையில் போடமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் இடுவாள். வீட்டுத் தென்னையில் ஒன்றை ஊழியத்துக்கென்று நேர்ந்து விடுவார்கள், அதன் தேங்காயைத் தொடமாட்டார்கள். அதைக் கண்டுதான் அப்பப்பா எங்கள் வளவில் இரண்டு பனையையும் ஒரு தென்னையையும் மருந்துக்கென்று விட்டார். அந்தப் பனைகளின் ஓலை வித்த காசு தனிக் கொப்பியில் ஏறும். ஆபத்துக்குக்கூட அதில் கைவைத்து நான் பார்த்ததில்லை.

அப்பப்பாவுக்குப் பிறகு சின்னையா. அவர் மானிப்பாயிலேயே பழகியவர். மிக்ஸ்சர் குறைந்து குளிசை கூடியது. போத்தல் கழுவுகிற வேலை எனக்கு இல்லாமல் போனது. வாங்கும் பெட்டியும் மட்டும் அப்படியே இருந்தன.

1983 ஆடியில் தென்பகுதியில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தன. அந்த வருடம் திருவிழாவுக்கு வந்தவர்கள் உடுத்த உடுப்போடு, அகதிக் கப்பலில் இறங்கி வந்தவர்கள். விறாந்தையில் பட்டியல் வைக்கவில்லை. ஒரு முதலாளி, குயினைன் ஏற்கிறவர், வாங்கில் இருந்து, தீக்காயத்துக்கு மருந்து போடுவித்துக்கொண்டு போனார். போகும்போது பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். சின்னையா அவருடைய கையைப் பிடித்துப் படலைவரை கொண்டுபோய் விட்டார். அதன் பிறகும் ஓலைக்காசிலும் புகையிலையிலும் கொஞ்சக் காலம் ஓடியது. 1990இலும் 1991இலும் இராணுவம் தீவுகளுக்குள் வந்தபோது சனம் அள்ளுப்பட்டுப் போனது. யாழ்ப்பாணப் பட்டினம், வன்னி, இந்தியா, பிறகு கனடா, சுவிஸ். இரண வைத்தியம் எந்தப் பெட்டிக்குள் போனது, எந்தப் பெட்டி எந்தக் கரையில் நின்றது, யாருக்கும் தெரியாது.

இப்போது ஊருக்குப் போனால் நல்ல ரோட்டு. பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஓட்டோவில் போய்விடலாம். பாதை இன்னும் ஓடுகிறது. மானிப்பாயிலும் இணுவிலிலும் விளக்கு எரிகிறது, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் காசு சேர்த்துத் திருத்துகிறார்கள், அதைக் கண்டால் மனம் குளிர்கிறது. எங்கள் வளவில் பனைகள் நிற்கின்றன, ஓலை வெட்ட ஆள் இல்லை, காய்ந்த காவோலை காற்றுக்கு உரசுகிறது. ஒழுங்கைக்கு ஒழுங்கை பூட்டிய வீடு. தீவொன்றில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். புதுக் கட்டடம், தரை பளிங்கு, வாசலில் கொடுத்தவரின் பெயர் பொன் எழுத்தில். உள்ளே ஸ்கான் மெசின் பொலித்தீன் உறை கழற்றாமல் இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் மாறிப் போய்விட்டார், டாக்குத்தர் கிழமையில் சில நாள்தான். வாங்கில் இருந்த ஆச்சி என்னைப் பார்த்து, "நீ பரியாரியார் வீட்டுப் பிள்ளையெல்லோ?" என்றா. மடியில் இருந்து ஒரு எலுமிச்சங்காய் எடுத்துத் தந்தா. "இஞ்ச வைக்கப் பெட்டி இல்லை மோனை, நீ கொண்டு போ."

கட்டடம் கொடுத்தவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஊரை நினைத்துத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் கொழும்பில் இருந்தோ பட்டினத்தில் இருந்தோ மாற்றலில் வருகிற வைத்தியர் எப்போது திரும்பிப் போகலாம் என்று நாள் எண்ணுவார், அது மனித சுபாவம். மானிப்பாயில் கிறீன் என்ற அந்த மனிதன் இதைத்தான் கண்டு, அந்தந்த ஊர்ப் பிள்ளையைப் படிப்பித்து அந்தந்த ஊருக்கு அனுப்பினான். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் வாடைக் கடல் கொந்தளிக்கிற இரவில் வள்ளம் விட முடியாமல் இன்றும் சனம் கரையில் விடியும்வரை காத்திருக்கும். அந்த இரவில் அந்தத் தீவிலேயே நித்திரை கொள்கிற ஒரு நேர்ஸ் வேண்டும். அங்கே தாய் தகப்பன் உள்ளவள், அங்கேயே கலியாணம் கட்டக்கூடியவள்.

நீங்களும் அந்த வாங்கில் இருந்து மருந்து குடித்தவர்கள்தான், அல்லது உங்கள் தாய் குடித்திருப்பா. இந்த முறை ஊருக்குக் காசு அனுப்பும்போது, கட்டடத்துக்கும் மெசினுக்கும் அனுப்புவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து உங்கள் தீவில் உயர்தரம் படித்து முடித்த ஒரு பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள். அவளுடைய நேர்ஸிங் படிப்புச் செலவையும், படித்து வந்து ஊரில் நிற்கிற முதல் சில வருடங்களுக்கு ஒரு கைச்சம்பளத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஊரில் மிஞ்சியிருக்கிறவர்களிடமும் மாதம் ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ கட்டாயம் வாங்குங்கள், இல்லாதவர்களிடம் தேங்காயாக வாங்குங்கள், வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வளவுப் பனைகளின் ஓலைக் காசை நான் அதற்கென்று எழுதி வைத்துவிட்டேன். வெட்ட ஆள் பிடித்துத் தந்தால் போதும்.